கோபுரத்துக்கு வருகிற பணம் பஸ்ஸுக்கு ஏன் வருவதில்லை? (டெட்ராயிட் நகர மையம்)

உட்வர்ட் வாசி எழுதியது:

ஹட்சன்ஸ் பல்பொருள் அங்காடி இருந்த மனையில் கோபுரம் எழுந்துவிட்டது. 681 அடி. மிச்சிகனில் இதைவிட உயரமாக ரெனசான்ஸ் சென்டர் ஒன்றுதான் இருக்கிறது. 1983-இல் மூடப்பட்ட கடை, 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கட்டடம், அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெற்று மனை. அந்த இடத்தில் இன்று கண்ணாடி மின்னுகிறது. கார்க்டவுனில் 1988-இல் கடைசி ரயிலை அனுப்பிவிட்டுப் பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்தை ஃபோர்டு 2018-இல் வாங்கிப் புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தது. 2013-இல் திவால் மனு கொடுத்த நகரம் இது. 1950-இல் 18.5 லட்சம் பேர் இருந்த ஊர் 2020-இல் 6.39 லட்சமாகச் சுருங்கியது. 1957-க்குப் பிறகு முதல் முறையாக மக்கள்தொகை ஏறியிருப்பதாக 2024-இல் சென்சஸ் மதிப்பீடு சொன்னது. இதில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

என் கேள்வி வேறு. ஹட்சன்ஸ் உள்ளிட்ட, தொழிலதிபர் டான் கில்பர்ட்டின் பெட்ராக் என்ற கட்டட நிறுவனத்தின் நான்கு திட்டங்களுக்கு 2018-இல் மாநிலம் ஒப்புதல் கொடுத்த வரிச்சலுகை 61.8 கோடி டாலர். 2022-இல் ஹட்சன்ஸுக்கு மட்டும் நகர மன்றம் இன்னும் 6 கோடி டாலர் சேர்த்துக் கொடுத்தது. 2023-இல் விளையாட்டரங்கைச் சுற்றிக் கட்டும் டிஸ்ட்ரிக்ட் டெட்ராயிட் திட்டத்துக்கு ஏறத்தாழ 80 கோடி. இதே ஆண்டுகளில் பொதுப் போக்குவரத்துக்கு என்ன நடந்தது? 2016-இல் பஸ், ரயிலுக்கு வரி கேட்டு நான்கு கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நடந்த வாக்கெடுப்பு தோற்றது. அந்தக் கேள்வி அதன் பிறகு வாக்குச்சீட்டுக்கே திரும்பி வரவில்லை. உட்வர்ட் சாலையில் நகர மையத்தை விட்டு வடக்கே போகப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. குறுக்குச் சாலைகளில் அதைவிட மோசம். பணம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப முடியவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ட்ராய் பொறியாளர் எழுதியது:

கேள்வியே கோணலாக இருக்கிறது. அந்தக் கட்டடங்களில் பெரும்பகுதி தனியார் பணம். கில்பர்ட் 2010-இல் தன் வீட்டுக்கடன் நிறுவனத்தைப் புறநகர் லிவோனியாவிலிருந்து நகர மையத்துக்குக் கொண்டுவந்தபோது அங்கே கட்டடம் வாங்க ஆளே இல்லை. அந்தத் துணிச்சலுக்கு ஒரு விலை உண்டு.

வரிச்சலுகை என்பது கஜானாவிலிருந்து காசோலை எழுதித் தருவது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடமே எழாவிட்டால் வந்திருக்காத வரியை, எழுந்த பிறகு சில காலத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பஸ்ஸுக்கு ஆண்டுதோறும் ரொக்கமாகப் பணம் வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கணக்கன் எழுதியது:

ட்ராய் நண்பர் பாதி வழி வரை சரியாக வந்து நின்றுவிட்டார். மீதி வழியை நான் நடக்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசிடம் இருக்கிற பணமெல்லாம் ஒரே பையில் இல்லை. எந்தப் பையிலிருந்து எதற்கு எடுக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் சட்டம் பூட்டுப் போட்டிருக்கிறது. கோபுரத்துக்குரிய பையைத் திறப்பது எளிது. பஸ்ஸுக்குரியது நான்கு பூட்டு போட்ட பை.

முதலில் கோபுரம். ஒரு பகுதியில் கட்டடம் எழுந்தால் சொத்து மதிப்பு ஏறும், வரியும் ஏறும். அந்த ஏற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து அதே பகுதியின் வளர்ச்சிக்குத் திருப்பிவிட 1975-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. நகர மைய வளர்ச்சி ஆணையம் அப்படி வந்ததுதான். லிட்டில் சீசர்ஸ் விளையாட்டரங்குக்கு 30 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணம் போனது இந்த வழியில். 2017-இல் இன்னொரு சட்டம் வந்தது. அதைப் பத்திரிகைகளே 'கில்பர்ட் மசோதாக்கள்' என்று அழைத்தன. அது சொத்து வரியோடு நிற்கவில்லை. கட்டுமானத் தொழிலாளியின் மாநில வருமான வரி, கட்டுமானப் பொருளின் விற்பனை வரி, பிறகு அங்கே வேலை பார்ப்பவர், குடியிருப்பவர் ஆகியோரின் வருமான வரியில் ஒரு பங்கு என எல்லாவற்றையும் திட்டத்தை நடத்துபவருக்கே திருப்பித் தர அனுமதித்தது. இதற்கு நகர மன்றமும் மாநிலத்தின் நிதி வாரியமும் ஒப்புக்கொண்டால் போதும். வாக்காளரிடம் போக வேண்டியதில்லை.

இப்போது பஸ். மிச்சிகன் அரசியல் சட்டம் 9-ஆம் பிரிவு, 9-ஆம் விதியைப் பாருங்கள். பெட்ரோல் வரி, வாகனப் பதிவுக் கட்டணம் ஆகியவற்றில் குறைந்தது 90 விழுக்காடு சாலைக்கும் பாலத்துக்கும் போக வேண்டும். பஸ், ரயில், படகு எல்லாம் மிச்சமுள்ள 10-க்குள் அடித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, உள்ளூர் விற்பனை வரி போட மிச்சிகனில் நகரத்துக்கோ கவுன்டிக்கோ அதிகாரம் இல்லை. எஞ்சியிருப்பது சொத்து வரி. அதற்கு வாக்கெடுப்பு. டெட்ராயிட் நகர பஸ் துறையான டி.டி.ஓ.டி.க்கு அப்படி ஒரு தனி வரியே கிடையாது. போலீஸ், தீயணைப்பு, பூங்கா ஆகியவற்றோடு சேர்ந்து நகரத்தின் பொது நிதியில் கையேந்துகிறது.

வாஷிங்டன் தருமே என்பீர்கள். தரும், மூலதனச் செலவுக்கு. புது பஸ் வாங்க, பணிமனை கட்ட 80 விழுக்காடு வரை கிடைக்கும். ஆனால் 2 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகர்ப்பகுதியில் பெரிய பஸ் அமைப்புகள் அந்தப் பணத்தை ஓட்டுநர் சம்பளத்துக்கோ டீசலுக்கோ தொட முடியாது. கொரோனா கால நிவாரண நிதி மட்டும் விதிவிலக்கு. அது ஒருமுறைப் பணம். மாநிலச் சட்டம் இயக்கச் செலவில் 50 விழுக்காடு வரை உதவலாம் என்கிறது, ஆனால் ஆண்டுதோறும் ஒதுக்குவது அதைவிடக் குறைவுதான். யானையை வாங்கிக் கட்டிவிட்டார்கள், தீனியை நீ பார்த்துக்கொள் என்கிறார்கள்.

மாணவி_வேன் எழுதியது:

ஆக, புது பஸ் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்பதன் காரணம் இதுதானா?

கணக்கன் எழுதியது:

பெரும்பாலும் இதுதான். கொரோனாவுக்குப் பிறகு ஓட்டுநர் தட்டுப்பாடு நாடு முழுவதும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்துப் புறநகரில் கூடுதல் சம்பளம் கிடைக்கும்போது ஓட்டுநரை இருத்திவைக்கப் பணம் எந்தப் பையிலிருந்து வரும்?

எண்பதுகளில் வந்தவன் எழுதியது:

இளைஞர்கள் 2016-இலிருந்து கதையைத் தொடங்குகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போங்கள்.

டெட்ராயிட்டில் டிராம் ஓடியது. 1922-லேயே நகரமே அதை வாங்கி நடத்தியது. 1956 ஏப்ரலில் கடைசி டிராம் உட்வர்டில் ஓடி ஓய்ந்தது. வண்டிகளை மெக்சிகோ நகரத்துக்கு விற்றுவிட்டார்கள். அங்கே அவை பல ஆண்டுகள் ஓடின!

1976-இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு காலத்தில் ரயில் கட்ட 60 கோடி டாலர் தருவதாக மத்திய அரசு சொன்னது. அன்றைய 60 கோடி எவ்வளவு பெரிய தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே சுரங்கம், எங்கே மேம்பாலம், யார் கையில் நிர்வாகம் என்று நகரமும் புறநகரங்களும் பிடிவாதம் பிடித்தன. மேயர் கோல்மன் யங் ஒரு பக்கம், புறநகர்க் கவுன்டிகளான ஓக்லாண்டு, மகோம் தலைவர்கள் மறுபக்கம். 1967 கலவரத்துக்குப் பிந்தைய கசப்பு அந்த மேசையில் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பணம் வரவே இல்லை. பெரிய ரயில் வந்தால் பயணிகளை நகர மையத்துக்குள் பிரித்துவிடுவதற்காக வரைந்த சின்ன வளையம் மட்டும் கட்டப்பட்டது. அதுதான் பீப்பிள் மூவர். 1987-இல் திறந்தார்கள். 2.9 மைல், 13 நிலையங்கள், ஒரே தடம், ஒரே திசை, ஏறத்தாழ 20 கோடி டாலர். நான் படித்துக்கொண்டிருந்த காலம், சுற்றிப் பார்க்கப் போனோம். வளையம் சரியாகத்தான் சுற்றியது. வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய ரயில்தான் இல்லை.

2017-இல் திறந்த கியூலைன் என்ற டிராமும் இதே கதையின் இரண்டாம் பாகம். உட்வர்டில் நகரின் வடக்கு எல்லையான '8 மைல்' என்ற சாலை வரை, 9 மைலுக்கு மேல் நீளத்துக்கு ரயில் போட முதலில் திட்டம் இருந்தது. இயக்கச் செலவுக்கு நகரத்திடம் பணம் இருக்காது என்ற அச்சத்தில் 2011 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். தனியாரும் அறக்கட்டளைகளும் பணம் சேர்த்து 3.3 மைல் மட்டும் போட்டார்கள். 14 கோடி டாலர் செலவு. பெரும்பகுதி தூரம் கார்களோடு ஒரே தடத்தில், சாலை ஓரமாக ஓடுகிறது. யாராவது காரைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்திவிட்டு காபி வாங்கப் போனால் ரயில் காத்து நிற்க வேண்டும். இப்போது டிக்கெட் இல்லை, இலவசம்.

ஸ்கார்பரோத் தம்பி எழுதியது:

எல்லையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் செய்தி. பீப்பிள் மூவரும் எங்கள் ஸ்கார்பரோத் தொடருந்துத் தடமும் ஒரே ஒன்ராறியோத் தொழில்நுட்பத்தில், ஒரே வகைப் பெட்டிகளோடு பிறந்தவை. எங்களுடையது 1985-இல் தொடங்கி, 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்ட பின் மூடப்பட்டது. அந்தப் பெட்டிகளில் சிலவற்றை டெட்ராயிட் வாங்கிக்கொண்டது. கென்னடி நிலையத்தில் ஏறித் தமிழ்க் கடைகளுக்குப் போய் வந்த எங்கள் ஆட்கள் பலர் இருந்த இருக்கைகள் இனி உங்கள் ஊரில் வளையம் சுற்றும். பாட்டியின் சேலைக்கறைகூட எங்காவது இருக்கலாம். கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணன்மாரே.

ட்ராய் பொறியாளர் எழுதியது:

ஸ்கார்பரோத் தம்பிக்கு வணக்கம். சேலைக்கறையைக் கண்டால் படம் எடுத்துப் போடுகிறேன்.

இனி 2016. நான் எதிர்த்து வாக்களித்தவன், மறைக்க ஒன்றும் இல்லை. 1.2 மில் சொத்து வரி, 20 ஆண்டுகளுக்கு. என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வழித்தடம்கூட இல்லை. என் தெருவில் ஐந்து வீட்டில் பதினொரு கார் நிற்கிறது. வேலைக்குப் போவது ஆபர்ன் ஹில்ஸ், ஓய்வுக்கு நோவாய், பிள்ளைகளுக்கு நடன வகுப்பு கேன்டனில். இவற்றில் எதுவும் டெட்ராயிட் நகர மையத்தின் வழியாகப் போகவில்லை. பஸ் என்ற பெயரில் என்னிடம் வாங்கும் பணம் கடைசியில் அரங்கத்துக்கும் சூதாட்ட விடுதிக்கும் ஆள் கொண்டுபோய் விடத்தானே பயன்படும்? நகர மையத்தால் லாபம் பார்ப்பவர்கள் அந்தச் செலவை ஏற்கட்டும்.

ஃபார்மிங்டன் கயல் எழுதியது:

அண்ணா, உங்கள் தெருவில் பதினொரு கார் நிற்பது சரி. உங்கள் அலுவலகத்தில் தரை துடைப்பவர் எப்படி வருகிறார் என்று கேட்டிருக்கிறீர்களா?

நான் ஓக்லாண்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இரவு முறைக்கு உதவியாளர்கள் கிடைப்பதில்லை. வருபவர்களில் பலர் டெட்ராயிட்டில் குடியிருக்கிறார்கள். டெட்ராயிட்டில் கார் காப்பீட்டுக்குக் கட்டுகிற தொகை நாட்டிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. அதனாலேயே கார் வைக்க முடியாதவர்கள் உண்டு. எங்கள் இல்லம் இருக்கும் ஊர் புறநகர் பஸ் அமைப்பான ஸ்மார்ட்டிலிருந்து விலகியே இருந்தது. சட்டம் அப்படி விலக அனுமதித்தது. பஸ் பக்கத்து ஊர் எல்லை வரை வரும், எங்கள் ஊரைத் தாண்டிப் போகும், நடுவில் நிற்காது. நல்ல பிள்ளைகள் பலர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டுப் போனார்கள். இரவில் படுக்கையை விட்டு எழ முடியாத பாட்டிக்கு யார் கை கொடுப்பது? அந்தப் பாட்டிகளில் நம் தமிழ்ப் பாட்டிகளும் இருக்கிறார்கள்.

2022 நவம்பரில் ஓக்லாண்டு முழுமைக்கும் 0.95 மில் வரிக்கு மக்கள் ஒப்புக்கொண்டார்கள். விலகும் வசதி ஒழிந்தது. ட்ராய் அண்ணா வசிக்கும் அதே கவுன்டிதான், உங்கள் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துதான் வாக்களித்தார்கள்!

மில் என்றால் மிரள வேண்டாம். வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். இங்கே வரிக்குரிய மதிப்பு சந்தை விலையில் அதிகபட்சம் பாதி. புதிதாக 2 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியவருக்கு 1 லட்சத்தின் மேல் வரி, 1.2 மில் என்றால் ஆண்டுக்கு 120 டாலர், மாதம் 10. நடன வகுப்புக்கு இதைவிட எத்தனை மடங்கு கட்டுகிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணவி_வேன் எழுதியது:

கயல் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பகுதியில் பெரும்பாலான வேலைகள் நகர மையத்திலிருந்து 10 மைலுக்கு அப்பால்தான் இருக்கின்றன. ஆகவே பஸ் ஓடினால் அது மையத்துக்கு ஆள் கொண்டுவருவதைப் போலவே வெளியே ஆள் கொண்டுபோகவும் செய்யும். 2011 இறுதியில் ஸ்மார்ட் பல வழித்தடங்களை நெரிசல் நேரம் தவிர மற்ற நேரத்தில் நகர எல்லையோடு நிறுத்திக்கொண்டது. 8 மைல் சாலையில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். 2018-இல் 'ஃபாஸ்ட்' என்ற விரைவு பஸ் வந்த பிறகு உட்வர்ட், கிராஷியட், மிச்சிகன் அவென்யூ மூன்றிலும் நேராகப் போக முடிகிறது. 2019-இலிருந்து இரண்டு அமைப்புக்கும் ஒரே டிக்கெட், 2 டாலருக்கு 4 மணி நேரம். இவையெல்லாம் கோபுரம் கட்டும் செலவில் பொடிக் காசு.

உட்வர்ட் வாசி எழுதியது:

கணக்கன் ஐயாவுக்கு நன்றி. ட்ராய் நண்பரின் முதல் வாதத்துக்கு இப்போது வருகிறேன்: 'கட்டடம் எழாவிட்டால் வந்திருக்காத வரி.'

ஹட்சன்ஸின் பெரிய வாடகைதாரர் யார்? ஜெனரல் மோட்டார்ஸ். எங்கிருந்து வருகிறது? ரெனசான்ஸ் சென்டரிலிருந்து, ஒரு மைல்கூட இல்லாத தூரத்திலிருந்து. 2024 ஏப்ரலில் அறிவித்துவிட்டு மாறிக்கொண்டது. அந்த ஊழியர்களின் வருமான வரி வேறு மாநிலத்திலிருந்தா புதிதாக வந்தது? அதே ஆள், அதே சம்பளம், வேறு லிஃப்ட். மறுபக்கம் காலியான ரெனசான்ஸ் சென்டருக்கு 2024 நவம்பரில் 160 கோடி டாலர் திட்டம் வெளிவந்தது. இரண்டு கோபுரங்களை இடிக்க வேண்டும், அதற்கும் 25 கோடி டாலர் பொதுப் பணம் வேண்டும் என்றார்கள். ஒரு கட்டடத்தை நிரப்பச் சலுகை, அதனால் காலியான கட்டடத்தை இடிக்கவும் சலுகை. இடையில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டால் நிதிநிலையைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ரெனசான்ஸ் சென்டரும் 1977-இல் இதே வாக்குறுதியோடுதான் வந்தது. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று கட்டினார். நகர மையத்தை மீட்கும் என்றார்கள்.

திவால் காலத்து ஊழியன் எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நகர மையத்தை வில்லனாக்கும் பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

2013-இல் இந்த நகரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு தெருவிளக்குகள் எரியவில்லை. ஓய்வு பெற்ற பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது, விலைவாசிப் படி போயிற்று. கலைக்கூடத்தின் ஓவியங்களை விற்றுக் கடன் கட்டலாமா என்று நீதிமன்றத்தில் பேசிய காலம். 65,000 எல்.இ.டி. விளக்குகளைப் போட்டு முடிக்க 2016 இறுதி ஆயிற்று.

அந்தக் குழியிலிருந்து நகரம் எப்படி ஏறியது? இங்கே நகரமே வருமான வரி வாங்குகிறது. குடியிருப்பவருக்கு 2.4 விழுக்காடு, வெளியிலிருந்து வேலைக்கு வருபவருக்கு 1.2. நகரத்தின் மிகப் பெரிய வருவாய் அதுதான். அதன் பின்னால் சூதாட்ட விடுதிகள். ட்ராய் நண்பர் கிண்டலாகச் சொன்ன அந்தச் சூதாட்ட விடுதி கட்டும் வரியும் பொது நிதிக்குத்தான் போகிறது, அதாவது உங்கள் பஸ்ஸுக்கும். நகர மையத்தில் அலுவலகம் இல்லாவிட்டால் அந்த 1.2 விழுக்காடு வராது. கொரோனாவில் இதை நேரில் பார்த்தோம்: வெளியூர்க்காரர் வீட்டிலிருந்து வேலை செய்த நாளுக்கு நகர வரி கிடையாது, திருப்பிக் கேட்டார்கள், கொடுக்க வேண்டியிருந்தது.

ஜி.எம். ஒரு மைல் நகர்ந்தது புது வருவாய் இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே நகராமல் புறநகர் வாரனுக்குப் போயிருந்தால்? அங்கே அவர்களுக்குப் பெரிய தொழில்நுட்ப மையமே இருக்கிறது. வராத வருவாயைப் பேசுகிறவர்கள் போயிருக்கக்கூடிய வருவாயையும் பேச வேண்டும்.

உட்வர்ட் வாசி எழுதியது:

வாரனுக்குப் போய்விடுவோம் என்ற பயத்தைக் காட்டி எவ்வளவு காலம் வாங்குவார்கள்? பயத்துக்கும் ஒரு உச்சவரம்பு வேண்டாமா?

திவால் காலத்து ஊழியன் எழுதியது:

வேண்டும். அதை மாநிலச் சட்டம் வைக்க வேண்டும், நகர மன்றம் தனியாக வைத்தால் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் வேறு வாசல் திறக்கும். நிலத்துக்குக் கூடுதல் வரி, கட்டடத்துக்குக் குறைவு என்று அப்போதைய மேயர் டகன் 2023-இல் கொண்டுவந்த யோசனை மாநிலச் சபையிலேயே முடங்கியது. காலி மனையைக் கார் நிறுத்துமிடமாக வைத்துக் காசு பார்ப்பவர்களுக்கு அது வலித்திருக்கும். அரங்கத்தைச் சுற்றி எவ்வளவு தார்த்தரை கிடக்கிறது என்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லாஃபயெட் பார்க் எழுதியது:

ஐ-375 பற்றி யாரும் பேசவில்லையே? போக்குவரத்து நிதி என்றால் அதுவும்தானே. ஒரு மைல் நீளப் பள்ளச் சாலை. 1964-இல் திறந்தார்கள். அதற்காகவும் நகர்ப்புற மறுசீரமைப்பு என்ற பெயரிலும் பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பினத்தவர் குடியிருப்புகளையும் ஹேஸ்டிங்ஸ் தெருக் கடைகளையும் துடைத்தெறிந்தார்கள். அதை மூடி மட்டமான சாலையாக மாற்ற மத்திய அரசு 2022-இல் 10.46 கோடி டாலர் கொடுத்தது. செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போய், 2025-இல் மாநிலம் வேலையை நிறுத்தி மறுபரிசீலனைக்கு வைத்துவிட்டது. இதிலும் எனக்கு ஒரு மனக்குறை: புதிதாகக் கிடைக்கும் நிலம் யாருக்கு என்பதை முடிவு செய்யாமல் தடங்கள் ஆறா எட்டா என்று சண்டை.

கணக்கன் எழுதியது:

இதுவும் மூலதனப் பணம்தான், கவனித்தீர்களா? பள்ளத்தை நிரப்ப 10 கோடி கிடைக்கும். நிரப்பிய சாலையில் பஸ் ஓட்டக் கிடைக்காது.

நெறியாளர்:

375-க்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. தடம் ஆறா எட்டா என்பதை அங்கே தொடருங்கள். இங்கே நிதி.

மாணவி_வேன் எழுதியது:

மற்ற தொழில் நகரங்களில் எப்படிச் செய்கிறார்கள்? எஃகு போன ஊர்கள், டயர் போன ஊர்கள் எல்லாம் இதே நிலையில்தானே இருந்தன.

எண்பதுகளில் வந்தவன் எழுதியது:

கிளீவ்லாந்தைப் பார், தம்பி மகள் அங்கேதான் இருக்கிறாள், அடிக்கடி போகிறேன். ஒஹாயோ சட்டம் உள்ளூர் விற்பனை வரியை அனுமதிக்கிறது. 1975-இலேயே கவுன்டி முழுவதும் 1 விழுக்காடு பொதுப் போக்குவரத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். நகரமும் புறநகரும் ஒரே அமைப்பு. 2008-இல் யூக்ளிட் அவென்யூவில் தனித்தடத்தில் விரைவு பஸ் விட்டார்கள், ஏறத்தாழ 7 மைல், 20 கோடி டாலர். நகர மையத்தையும் மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகத்தையும் இணைக்கிறது. நம் கியூலைன் 3.3 மைல், 14 கோடி. வகுத்துப் பார்த்துக்கொள்.

கணக்கன் எழுதியது:

விற்பனை வரிக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. வியாபாரம் படுத்தால் அதுவும் படுத்துவிடும். 2008-09 சரிவுக்குப் பிறகு கிளீவ்லாந்து சேவையை வெட்டியது. சொத்து வரி மெதுவாக அசையும். இரண்டும் கலந்திருப்பது நல்லது, ஆனால் கலக்க நமக்கு அனுமதி இல்லை. சாலைக்குப் பணம் வேண்டும் என்றபோது கஞ்சா மொத்த விற்பனைக்கு 24 விழுக்காடு வரி போட லான்சிங்குக்கு 2025-இல் வழி தெரிந்தது. பஸ் என்றால்தான் அரசியல் சட்டம் நினைவுக்கு வருகிறது.

என் யோசனை சின்னது. அரசியல் சட்டத் திருத்தம் எப்போது வருமோ. அதுவரை, நகர மையத்தில் வருமான வரியைத் திருப்பித் தரும் ஒவ்வொரு புது ஒப்பந்தத்திலும், அந்தத் தொகையில் ஒரு பங்கை பஸ் இயக்கச் செலவுக்கு என்று ஆண்டுதோறும் எழுதிவைக்கச் சொல்லலாம். 2016-இல் வாக்காளர் ஏற்ற சமூகப் பயன் விதிப்படி, 7.5 கோடி டாலருக்கு மேற்பட்ட, பொதுச் சலுகை பெறும் திட்டங்களுக்கு அக்கம்பக்கத்தார் குழு ஒன்று கூடிப் பேரம் பேசியாக வேண்டும். அந்தக் கூட்டங்களில் கேட்பதெல்லாம் பூங்கா, வேலைவாய்ப்பு, தூசி, இரைச்சல். அந்த மேசையில் பஸ்ஸைக் கேட்கலாம். கட்டாயம் இல்லை, ஆனால் சலுகை வேண்டுமென்று நிற்பவரிடம் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ட்ராய் பொறியாளர் எழுதியது:

இது எனக்கு ஒத்துவருகிறது. லாபம் பார்ப்பவன் கட்டட்டும் என்று நானும் அதைத்தான் சொன்னேன்.

கயலுக்கு: முதியோர் இல்லக் கதையை 2016-இல் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதவில் தொங்கவிட்ட துண்டறிக்கையில் ரயில் படம்தான் போட்டிருந்தது. ஆன் ஆர்பரிலிருந்து டெட்ராயிட்டுக்கு ரயில். எனக்கு அது எதற்கு?

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் கவுன்டியில் வசூலித்து டெட்ராயிட்டில் செலவழித்தால்?

கணக்கன் எழுதியது:

வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தை உருவாக்கிய 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு கவுன்டியில் வசூலாகும் தொகையில் குறைந்தது 85 விழுக்காட்டை அதே கவுன்டியில் செலவழிக்க வேண்டும்.

ட்ராய் பொறியாளர் எழுதியது:

இது துண்டறிக்கையில் இருந்ததாக நினைவில்லை.

ஃபார்மிங்டன் கயல் எழுதியது:

வேன் கவுன்டியும் வாஷ்டெனாவும் ஆதரித்தன. மகோம் பெரிதாக எதிர்த்தது. நம் ஓக்லாண்டு மயிரிழையில் எதிர்த்தது. நான்கும் சேர்த்து ஏறத்தாழ 18,000 வாக்கில் தோற்றோம். அடுத்த முறை துண்டறிக்கை அச்சடிக்கும்போது எங்கள் இரவு முறை அட்டவணையையும் பின்பக்கத்தில் போடச் சொல்கிறேன். ட்ராயில் கதவு கதவாகக் கொடுக்க ஆள் வேண்டும். அண்ணா, சனிக்கிழமை காலை உங்களுக்கு வசதிப்படுமா?

ட்ராய் பொறியாளர் எழுதியது:

நடன வகுப்பு இருக்கிறது. பத்து மணிக்கு மேல் என்றால் பார்க்கலாம்.